வாங்கில் இருந்தபடி வாங்கு கேட்பது

தம்பி, நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒன்று – வன், எட்டு – எய்ட், காசு – காஷ், கொரியாக்காரரின் ஒம்மாவும் அப்பாவும், சீனரின் 'நீ', சிங்களத்து அக்கா, கடே. 'இத்தனை குட்டிச் சொற்கள் இவ்வளவு மொழிகளில் ஒன்றுபோல் இருக்கின்றனவே, எல்லாம் தமிழிலிருந்து போனவையா, இல்லை தற்செயலா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலைச் செய்தவர் மீன், மரக்கறி, சீமெந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டியிருக்கிறார். முதலில் பையை அவிழ்க்க வேண்டும்.

நான் மொழியியலில் பட்டம் எடுத்தவன் இல்லை. திருகோணமலைக் கச்சேரியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவே கடிதங்களை இழுத்துக்கொண்டு திரிந்தவன். (தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு: இங்கே கச்சேரி என்றால் பாட்டு இல்லை, அரசாங்க அலுவலகம். இரண்டுமே வட இந்தியாவிலிருந்து வந்த ஒரே சொல்தான். அங்கே பாட்டுக் கேட்கக் கூடினார்கள், நாங்கள் காணி உறுதிக்காகக் கூடினோம்.) அந்த வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொல்லைக் கண்டால் உடனே நம்ப மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் நிலாவெளியில் நடந்த கதை ஒன்று. நண்பரின் கடை வாசலில் இருந்தேன். குருநாகல் பக்கமிருந்து வானில் வந்திறங்கிய குடும்பம் ஒன்று கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. தகப்பன் கையில் ஒரு பிடி மணல். சிங்களத்தில் கேட்டார்: 'ஐயா, நீல மணல் எந்தப் பக்கம்? இது வெள்ளையாக அல்லவா இருக்கிறது?' பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். மனிதர் உண்மையாகவே தேடியிருக்கிறார். சிங்களத்தில் 'நில்' என்றால் நீலம். 'வெலி' என்றால் மணல்; அந்த எகரத்தை அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவே வாயைக் கொஞ்சம் அகட்டிச் சொல்ல வேண்டும். ஆக, அவர் காதில் நிலாவெளி என்பது நீல மணல். கடற்கரை ஊருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! நமக்கோ அது நிலவு காயும் வெளி.

இப்போது யார் சொல்வது சரி என்று எப்படித் தீர்ப்பது? நான் செய்வது ஒன்றுதான். இரண்டு சொல்லையும் கையில் பிடித்துக்கொண்டு காலத்தில் பின்னோக்கி நடப்பேன். உண்மையான உறவு என்றால், பின்னால் போகப் போக இரண்டும் கிட்டக் கிட்ட வரும். தற்செயல் என்றால், பின்னால் போகப் போக விலகிப் போகும். இன்றைக்கு ஒன்றுபோல் இருப்பது எதற்கும் சாட்சி இல்லை.

நடந்து பார்ப்போம். சிங்கள 'வெலி' பாளியில் 'வாலுகா', சமஸ்கிருதத்திலும் அதுதான். தமிழிலும் வாலுகம் என்று கடனாக வந்து அகராதியில் கிடக்கிறது. நம்முடைய 'வெளி'யைப் பிடித்துக்கொண்டு போனால் வெளியே, வெளிச்சம், வெட்டவெளி என்று அதன் வீட்டு ஆட்கள்தான் வருகிறார்கள். பக்கத்தில் உப்புவெளி இருக்கிறது. வாலுகாவும் வெளியும் இரண்டு திசை. ஆனால் வேடிக்கை பாருங்கள், அந்த மணல் சொல்லும் நம்முடைய ஊருக்கே வந்து சேர்கிறது. மகாவலி கங்கையின் பழைய பெயர் மகாவாலுக கங்கை, பெரிய மணல் ஆறு. அது சிங்களத்தில் 'மஹவெலி' ஆகி, தமிழில் மகாவலி ஆகி, 335 கிலோமீட்டர் ஓடிவந்து கொட்டியாறுக் குடாவில் கடலில் விழுகிறது. குடாவுக்குத் தெற்கே மணல் வெலி, வடக்கே நிலா வெளி. இரண்டுக்கும் நடுவில் நாங்கள்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். எட்டும் எய்ட்டும்.

இன்றைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கின்றன. ஆங்கிலத்தை ஆயிரம் வருடம் பின்னால் கொண்டுபோனால் அது 'எஅஹ்தா'. இன்றைய எழுத்துக்கூட்டலில் நடுவே வாயைத் திறக்காமல் கிடக்கும் இரண்டு எழுத்து அந்த ஹகரத்தின் எலும்புதான். ஜேர்மன் மொழியில் 'ஆஹ்ட்' என்று அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இலத்தீனிலும் கிரேக்கத்திலும் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட', அங்கிருந்து இறங்கிச் சிங்களத்தில் 'அட்ட'. எல்லாவற்றிலும் டகரத்துக்கு முன்னால் ஒரு ககரமோ ஷகரமோ ஹகரமோ இருந்திருக்கிறது.

தமிழ் எட்டுக்கு முன்னால் இருந்தது என்ன? இதற்கு ஒரு புத்தகமும் தேவையில்லை, வாய்ப்பாடு போதும். எட்டு, எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம். எட்டுப்பது என்று நாம் சொல்வதில்லை. வேர் 'எண்', எட்டுக்குள் ஒரு ணகரம் ஒளிந்திருக்கிறது. கன்னடக்காரர் அதை ஒளிக்கவே இல்லை, 'எண்ட்டு' என்கிறார்கள். தெலுங்கில் 'எனிமிதி'. ஆக, ஒரு பக்கம் எண், மறுபக்கம் ஒக்டோ. பின்னால் போகப் போக முகம் மாறிவிட்டது.

ஒன்றும் வன்னும் இதைவிட மோசம். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் நாம் கேட்கிற வகரம் சுமார் 15ஆம் நூற்றாண்டில், சில வட்டாரப் பேச்சிலிருந்து உள்ளே வந்தது. அதற்கு முன் அது 'ஓன்', அதற்கும் முன் 'ஆன்'. 'ஓன்லி', 'அலோன்' என்று சொல்லும்போது பழைய ஒலி இன்னும் கேட்கிறது. இரண்டுக்குள்ளும் இருப்பது அதே ஒன்றுதான். இலத்தீனில் 'ஊனுஸ்', அதன் பழைய வடிவம் 'ஒய்னோஸ்'. தமிழில் ஒரு, ஓர், ஒற்றை, கன்னடத்தில் 'ஒந்து'. ஓன், ஒன்று என்று நிறுத்திப் பார்த்தால் மனம் துள்ளும், எனக்கும் துள்ளியிருக்கிறது. ஆனால் இரண்டு – டூ, மூன்று – த்ரீ, நான்கு – ஃபோர், ஐந்து – ஃபைவ் என்று பக்கத்து வீடுகளைத் தட்டிப் பாருங்கள். ஒருவரும் திறக்க மாட்டார்கள். உறவு என்றால் குடும்பமாக வரும். பத்துப் பேரில் இரண்டு பேருக்கு மட்டும் மூக்கு ஒத்திருந்தால் அது குடும்பம் இல்லை.

சீனரின் 'நீ'யும் அப்படித்தான். மாண்டரினில் 'நீ' என்றால் நீயேதான், பொருளும் அதே. கேட்ட முதல் நாள் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நான் என்பதற்கு அங்கே 'வொ', அவன் என்பதற்கு 'தா'. தனியாக வந்த விருந்தாளி.

குடும்பமாக வருவது எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். தமிழில் பால், கன்னடத்தில் 'ஹாலு'. பல், 'ஹல்லு'. பூ, 'ஹூ'. புலி, 'ஹுலி'. பத்து, 'ஹத்து'. நாம் பகரம் போடும் இடத்தில் அவர்கள் ஹகரம் போடுகிறார்கள், ஒரு சொல்லில் இல்லை, வரிசையாக. பழைய கன்னடத்தில் அங்கேயும் பகரம்தான் இருந்தது. இந்த மாதிரி ஒரு வரிசை கிடைத்துவிட்டால் பிறகு ஒலி ஒத்திருக்கிறதா என்று பார்க்கவே தேவையில்லை.

இதே ஹகரம் சிங்களத்தில் செய்த வேலை இன்னும் அழகு. சிங்களம் படிக்கத் தொடங்கிய காலத்தில் ஏழுக்கு 'ஹத' என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன், ஏன் என்று விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது: சமஸ்கிருத 'சப்த', பாளியில் 'சத்த', சிங்களத்தில் சகரம் ஹகரமாகி 'ஹத'. பஞ்ச என்பது 'பஹ'. தச என்பது 'தஹய'. ஆகாசம் 'அஹச'. சூரியன் 'ஹிரு', அதன் தலையும் தேய்ந்து 'இர'. ஆகவே சிங்களத்தில் 'இர' என்றால் சூரியன், தமிழில் இரா என்றால் இருட்டு! நம்முடையது இருளோடு பிறந்தது, அவர்களுடையது சூரியனோடு பிறந்தது. வழியில் சட்டையைக் கழற்றிப் போட்டதால் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன.

கிரேக்கர் ஏழுக்கு 'ஹெப்தா' என்றார்கள், பாரசீகர் 'ஹஃப்த்' என்கிறார்கள். ஹத, ஹஃப்த், ஹெப்தா மூன்றும் ஒரே வேர். ஆனால் ஹகரத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கவில்லை. மூன்று பேரும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில், தாங்களாகவே சகரத்தை ஊதி ஹகரம் ஆக்கிக்கொண்டார்கள். (பாரசீகர் ஊதியதில்தான் சிந்து 'ஹிந்து' ஆனது.) இப்போது பாருங்கள்: சிங்களத்தில் 'ஹத்' என்று தொடங்கினால் ஏழு, கன்னடத்தில் 'ஹத்து' என்றால் பத்து, ஹங்கேரி மொழியில் ரோமன் எழுத்தில் அதேபோல எழுதப்படும் சொல்லுக்கு ஆறு. சந்தையில் இந்த மூன்று பேரையும் ஒன்றாக விட்டால் கணக்கு முடியாது.

தற்செயல் எவ்வளவு துணிச்சலாக வரும் என்பதற்கு உலகத்தில் எல்லாரும் காட்டும் உதாரணம் அவுஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்ற பழங்குடி மொழி. ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் அதைப் பேசத் தெரிந்த கடைசிப் பெரியவர் ஒருவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். 'டோக்' என்று பதில் வந்தது. ஆங்கிலத்தின் அதே 'டோக்'. வெள்ளைக்காரரிடம் பொறுக்கியது என்றுதான் எவரும் நினைப்பார்கள். டிக்சன் சுற்றியுள்ள மொழிகளைப் பார்த்தார்: ஒன்றில் 'குடா', இன்னொன்றில் 'குடகா'. ம்பாபரத்தில் சொல்லின் முதல் அசை உதிர்வது வழக்கம், கடைசி உயிரும் உதிரும். குடகா இரண்டு முனையும் தேய்ந்து 'டோக்' ஆகியிருக்கிறது. பின்னால் நடந்தால் அது நாய்தான், ஆங்கில நாய் இல்லை.

அந்தக் 'குடா'வைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்குக் குடா என்றால் கடல் நிலத்துக்குள் நுழைந்த இடம். சீனக்குடாவில் இறங்கி இரவு ரயிலுக்கு நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சிங்களத்தில் 'குடா' என்றால் சின்னது. மலாயில் 'குடா' என்றால் குதிரை.

ஏன் குட்டிச் சொற்களில்தான் இந்தக் கூத்து அதிகம் என்று கேட்பீர்கள். இது மொழியைவிடக் கணக்கு. நம்மிடம் 18 மெய், 12 உயிர்; உயிர்மெய் 216. இந்த 216-க்குள் சொல் ஆக நிற்பவை சில. தனி உயிர்களையும் சேர்த்து நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று எண்ணி வைத்திருக்கிறது. ஹவாய் மொழியில் இருப்பது 8 மெய், 5 குறில். ஒரு மெய் ஒரு குறில் என்று கட்டினால் 40 அசைதான் தேறும். உலகத்தில் ஏறக்குறைய 7,000 மொழிகள். மனித வாய் ஒன்றுதான், எல்லாரும் அதே சில டசின் ஒலிகளை வைத்துக்கொண்டு வாழ்க்கை முழுவதற்கும் சொல் கட்ட வேண்டும். மோதாமல் எப்படி இருக்கும்? 'மரக்கறி' மாதிரி ஐந்து எழுத்துச் சொல் இரண்டு மொழியில் ஒரே பொருளில் வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். 'நே' வந்தால் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இருப்பேன்.

'நே'யைச் சொன்னேன் அல்லவா, அது ஒரு தனிக் கதை. கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆம். பல்கேரியாவில், பக்கத்து நாடுதான், 'நே' என்றால் இல்லை. கொரியாவில் மறுபடி ஆம். சிங்களத்தில் வாக்கியத்தின் வாலில் 'நே' போட்டால் 'அப்படித்தானே?' யப்பானியரும் வாலில் 'நே' போடுவார்கள், அதே பொருள். பிரேசில்காரர் பேசும் போர்த்துக்கேயத்திலும் வாலில் 'நே', அதே பொருள். அது 'நாஊ எ' என்ற இரண்டு சொல் சுருங்கியது, 'இல்லையா' என்பது மாதிரி. யப்பானியருக்கு அப்படி எந்தப் பின்கதையும் இல்லை. ஒரே ஒலி, ஒரே இடம், ஒரே வேலை, ஆனாலும் உறவு கிடையாது.

மலாயில் 'மாத்தா' என்றால் கண். இன்றைய கிரேக்கத்தில் கண்ணுக்கு 'மாட்டி'. கிரேக்கச் சொல்லைப் பின்னால் இழுத்தால் 'ஒம்மாட்டியோன்' என்று தலை முளைக்கிறது, மலாய்ச் சொல் தீவு தீவாகப் பசிபிக்குக்குள் போகிறது. சிங்களவர் 'மட்ட' என்றால் எனக்கு. 'அப்பி' என்று சிங்களத்தில் சொன்னால் நாங்கள், மலாயில் நெருப்பு. இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம்.

இதில் நம்முடைய எழுத்தும் ஒரு கை கொடுக்கிறது. சிங்களத்துச் சோறு தொடங்குவது அழுத்திச் சொல்லும் பகரத்தில், வங்கக் கடலைப் 'பே ஒஃப் பெங்கால்' என்னும்போது வருகிற ஒலி. தமிழில் எழுதினால் 'பத்'. உடனே பத்துக்குத் தம்பி மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் பட்டியலில் பாதி தமிழ் எழுத்தில் எழுதியதால் வந்த உறவு.

அம்மா, அப்பாவுக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொரியத் தொடர் பார்க்கிற எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் ஒரு நூலே எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ஆனாலும் அம்மா அப்பாவை மட்டும் வைத்து எந்த உறவும் பேச முடியாது. குழந்தை பால் குடிக்கும்போது உதடு மூடியபடி மூக்கால் முனகுவது மகரம். உதட்டைத் திறந்தால் பகரம். பெற்றவர்கள் அதைத் தங்கள் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கொப்சன் என்ற மொழியியலாளர் இதை விளக்கி எழுதியிருக்கிறார். முனகலை யார் எடுத்துக்கொள்வது என்பதும் நிச்சயம் இல்லை: ஜோர்ஜியாவில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. திருகோணமலையிலேயே 'தாத்தா' என்று கூப்பிட்டுப் பாருங்கள். தமிழ் வீட்டில் கிழவர் திரும்புவார். சிங்கள வீட்டில் தகப்பன் திரும்புவார். முஸ்லிம் வீட்டில் மூத்த சகோதரி வந்து எட்டிப் பார்ப்பார்.

'மல்லி'யும் இந்த மாதிரித்தான். ஒருமுறை பலசரக்குக் கடையில் தெற்கிலிருந்து வந்த ஒரு பெண், உதவிக்கு நின்ற பெடியனை 'மல்லி, மல்லி' என்று கூப்பிட்டார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. காது கொஞ்சம் மந்தமான முதலாளி ஐயா தராசை எடுத்து, நூறு கிராம் மல்லியை நிறுத்து, கடதாசியில் சரை சுற்றி நீட்டினார். அந்தப் பெண் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'கொத்தமல்லி!' என்று சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்தார். தடிமனுக்கு அவித்துக் குடிக்கிற அந்தச் சாமான் இரண்டு மொழியிலும் கொத்தமல்லிதான். மல்லி பிரிந்த இடத்தில் கொத்தமல்லி சேர்த்து வைத்தது.

அது கடன் சொல், அதற்குத் தனிச் சட்டம். கடன் சொல்லுக்கு வேரைவிட வழி முக்கியம்: யார் கொண்டுவந்தார்கள், எந்தத் துறையில் இறக்கினார்கள். சிங்களக் 'கடே' நம்முடைய கடைதான், அதில் சந்தேகம் இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்து போனது.

தூரத்தில் இருந்து வந்ததற்குப் பாண். காலையில் பேக்கரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது நாம் வாங்குகிற பாண், போர்த்துக்கேயரின் 'பாஉம்'. அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள், 1543இல் யப்பானுக்குப் போனார்கள். இரண்டு இடத்திலும் அந்த ரொட்டியையும் அதன் பெயரையும் இறக்கினார்கள். யப்பானியர் இன்றைக்கும் 'பான்' என்கிறார்கள். தமிழுக்கும் யப்பானுக்கும் உறவு தேடுகிறவர்கள் இதைச் சொன்னால் நான் ஆம் என்று தலையாட்டுவேன்: ஒரே வெதுப்பியில் வெந்த சொல். பாணர் யாழ் வாசித்த பாண் வேறு.

காலில் போடுகிற சப்பாத்தும் அந்தக் கப்பலில்தான் வந்தது. மலாய்க்காரர் 'செப்பாத்து' என்கிறார்கள். அலுவலகத்துக்கு நாம் சொல்லும் கந்தோர் ஒல்லாந்தருடையது, சிங்களத்தில் 'கந்தோருவ', இந்தோனேசியாவில் 'கந்தோர்' என்றே இருக்கிறது. அலுமாரி, யன்னல், துவாய் எல்லாம் போர்த்துக்கேயம். கதிரையைப் பாருங்கள். போர்த்துக்கேய 'கதெய்ரா', இலத்தீன் 'கதெத்ரா', கிரேக்க 'கதெட்ரா', அமர்கிற இடம். அதே இலத்தீன் சொல் பிரான்சு வழியாகத் தேய்ந்து இங்கிலாந்தில் 'செயார்' ஆனது. ஆயரின் ஆசனம் இருக்கும் கோயில் 'கதீட்ரல்' ஆனது. சென்னையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் 'சேர்ல உட்காருங்க' என்பார்கள். இங்கே வந்தால் 'கதிரையில் இருங்கோ' என்போம். ஒருவருக்கொருவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்போம், ஆனால் இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல். சேரும் கதிரையும் முகத்தைப் பார்த்தால் யாராவது உறவென்று சொல்வார்களா? எட்டும் எய்ட்டும் உறவென்று சொல்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சொல்லைக் கடைசிக்கு வைத்திருந்தேன்: வாங்கு.

பின்னேரங்களில் நான் கடற்கரைப் பக்கம் ஒரு வாங்கில் போய் இருப்பேன். கடலைச் சுருளை வாங்குவேன். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை நேரம் பள்ளிவாசலில் வாங்கு சொல்வார்கள், எழும்பி வீட்டுக்கு வருவேன். மூன்று வாங்கு, மூன்றும் வேறு. காசு கொடுத்து வாங்குவது நம்முடைய சொத்து. வில்லை வாங்குதல் என்றால் முற்காலத்தில் வளைத்துத் தன் பக்கம் இழுத்தல், அந்த இழுப்புத்தான் பொருளைத் தன் பக்கம் இழுப்பதாக ஆனது. பள்ளிவாசல் வாங்கு பாரசீக 'பாங்', கூவும் குரல். தமிழ்நாட்டில் பாங்கு என்பார்கள். நான் இருக்கும் வாங்கு போர்த்துக்கேய 'பாங்க்கு', நீளமான இருக்கை. சிங்களத்தில் அது 'பங்குவ', அழுத்திய பகரத்தை அவர்கள் விடவில்லை. தமிழ் நாக்குச் சொல்லின் முதலில் அந்த ஒலியைத் தாங்காமல் வகரத்தைப் பிடித்தது. பாரசீகச் சொல்லுக்கும் அதே விதி, போர்த்துக்கேயச் சொல்லுக்கும் அதே விதி, கடைசியில் இரண்டும் ஏற்கெனவே இருந்த தமிழ் வினை மேல் போய் விழுந்தன.

இதற்கு ஒரு வாலும் உண்டு. இத்தாலியில் காசு மாற்றுகிறவர்கள் ஒரு நீள வாங்கைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் நாணயத்தைப் பரப்பித் தொழில் செய்தார்கள். அந்த வாங்குதான், அதே வேர், 'பேங்க்' ஆகி உலகம் சுற்றித் தமிழில் வங்கி என்று வந்து நிற்கிறது. வங்கியும் கடற்கரை வாங்கும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். வங்கிக்குப் போய் காசு வாங்குவதில் உள்ள வாங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

காசு என்று வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன், உங்கள் பட்டியலில் முதல் தரமான கேள்வி அதுதான். காசு – காஷ். பதில், ஆம், ஆனால் பாதிதான். நம்முடைய காசைப் போர்த்துக்கேயர் 'காய்ஷா' என்று வாயில் போட்டு, ஆங்கிலேயர் 'காஷ்' என்று எடுத்தார்கள். கீழைத்தேசங்களின் சில்லறை நாணயத்துக்கு, சீனாவின் ஓட்டை நாணயம் உட்பட, அந்தப் பெயர் இருந்தது. அது தமிழ்தான். ஆனால் ரொக்கப் பணம் என்ற பொருளில் கடையில் புழங்கும் 'காஷ்' வேறு ஆள்: இலத்தீன் 'காப்சா', பெட்டி, பிரெஞ்சில் 'கேஸ்', பணப்பெட்டி, பெட்டியின் பெயர் அதற்குள் இருந்த பணத்துக்கு வந்தது. இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் போய் ஒன்றாகிவிட்டன. தமிழின் பங்கு வேண்டும் என்றால் கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுதண்ணியையும் கேளுங்கள். ஆங்கில அகராதியில் அவை நம்முடையவை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம்மூர்க்காரர் எல்லாரும் கேட்பது: திரிகோணம்தானே திருகோணமலை? மூன்று கோணம், மூன்று மலை? கோள்களைப் பற்றிப் பேசும்போது வரும் திரிகோணம், கேந்திரம், ஓரை எல்லாம் கிரேக்க 'திரிகோனோன்', 'கென்ட்ரோன்', 'ஹோரா'விலிருந்து சோதிடத்தோடு வந்தவை என்று சொல்கிறார்கள். அதனால் இந்தக் கதைக்கு ஒரு படித்த தோரணையும் வந்துவிட்டது. மறுபடி பின்னால் நடந்து பாருங்கள். திருகோணமலைக் கோட்டைக்குள் கிடைத்த, சோடகங்கன் என்பவரின் 1223ஆம் ஆண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டில் ஊரின் பெயர் கோகர்ணம். இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தில் கோகண்ண. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியது கோணமாமலை. ஓரிடத்திலும் மூன்று இல்லை. கோணமலைக்கு முன்னால் திரு என்ற மரியாதை வந்து ஒட்டியது, அவ்வளவுதான். அந்தத் திருவைத் திரியாகக் கேட்டவர்கள் மூன்று மலையையும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள், குருநாகல்காரர் நீல மணலைத் தேடினதுபோல.

போர்த்துக்கேயர் 1624இல் கோணேசர் கோயில் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். அவர்கள் வாயில் பெயர் 'திரிங்கிமலே' ஆனது, பிறகு ஆங்கிலேயர் வாலை வெட்டி 'டிரிங்கோ' என்றார்கள். இப்போது கொழும்பு பஸ் நிலையத்தில் நடத்துநர் 'டிரிங்கோ, டிரிங்கோ' என்று கத்தும்போது கவனித்துக் கேளுங்கள். மலை போய்விட்டது, கோணத்தில் முதல் எழுத்து மட்டும் மிச்சம். மரியாதைக்குச் சேர்த்த திரு மட்டும் ஏறக்குறைய முழுதாக முன்னால் நின்று ஆள் ஏற்றுகிறது.